பச்சைத் தக்காளியால் கழுவிய கைகள்

வெர்லின் மாமா கை கழுவ எப்போதும் பச்சைத் தக்காளியைத்தான் எடுப்பார். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அவர் சட்டைப் பையில் ஒன்று உப்பிக்கொண்டு இருக்கும். புகையிலை வெட்டிவிட்டு வருகிற கையில் தார் மாதிரி ஒரு கறுப்புப் பிசின் அப்பியிருக்கும். சோப்புக்கு அது மசியாது. தக்காளிக் காயை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, சாறும் விதையும் விரல் இடுக்குகளில் வழிய வழியத் தேய்த்தால் பிசின் கழன்று பச்சையாக ஓடும். எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் மாமா அளவுக்கு யாரும் அதை அக்கறையாகச் செய்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். "போயிடுச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் சோள ரொட்டியைத் தொடுவார். அதற்குப் பிறகுதான் சின்னப் பிள்ளையாக இருந்த என்னைத் தூக்குவார்.

வெர்லின் டாக்கெட் என் அம்மாவின் அண்ணன். கென்டக்கியில் எங்கள் ஓடைக்கரைப் பக்கம் டாக்கெட் என்றால் புகையிலை. அவருக்கு மனைவி இருந்தாள். ஒரு வசந்த காலத்தில் ஒஹையோவுக்குப் போனவள் திரும்பவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அவளுக்குப் புகை ஒத்துக்கல" என்பார். பிள்ளைகள் இல்லை. என் அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டு மேல்படியில் வந்து உட்கார்ந்தார். அங்கிருந்துதான் என் பள்ளி, என் கல்லூரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படித்தது அவர் வளர்த்த இலையின் காசில். இப்போது லெக்சிங்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் செய்கிற வேலை, அந்த இலைக்குள் இருக்கும் நிக்கோடின் மனித செல்லை என்ன செய்கிறது என்று பார்ப்பது. இது நியாயமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளாத வாரம் இல்லை. மாமா கேட்டதே இல்லை. "நான் வளக்குறேன், நீ திட்டுற. குடும்பத்துக்குள்ளேயே ரெண்டு வேலையும் இருக்கட்டும்டி" என்பார்.

அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோயின. அவள் பெயர் ஓப்பல். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஊசி போட வழி செய்தார்கள், அது அடைத்துக்கொண்டது. மற்றக் கையில் செய்தார்கள், அதுவும் அடைத்தது. கடைசியில் கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி, "இது ரொம்ப நாளைக்கு ஆகாது, சீழ் பிடிச்சா ஆபத்து" என்றார் மருத்துவர். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவள் பெயர் எங்கோ பின்னால் இருந்தது. எனக்குப் பொருந்தவில்லை. மாமாவுக்குப் பொருந்தியது.

ஒரே ஒரு நிபந்தனை. மாமா சிகரெட்டை விட வேண்டும். விட்டதாகச் சொன்னால் போதாது, பரிசோதனையில் தெரிய வேண்டும்.

"நான் குடுக்கப்போறது கிட்னிதானே? நுரையீரலா கேட்டாங்க?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்தார். அவரை அப்படியே தெரு தாண்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"என்னடி மார்லா இது, புழுவா?"

"மைட்டோகாண்ட்ரியா மாமா. கிட்னி செல்லுக்குள்ள இருக்கறது. அடுப்பு மாதிரி. இதுங்க எரிஞ்சாத்தான் செல்லு வேலை செய்யும். கிட்னிக்கு ஓயாத வேலை. ரத்தத்துலேருந்து வெளிய போற உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் திருப்பி இழுக்கணும். அதனால அங்க அடுப்பு ஜாஸ்தி."

பச்சைச் சாயம் ஏற்றிய நீள நீளமான இழைகள், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார். நான் தட்டை மாற்றி, நிக்கோடின் விட்டு வைத்திருந்த செல்களைக் காட்டினேன். அதில் இழைகள் இல்லை. துண்டு துண்டாக, உருண்டை உருண்டையாக, மங்கலாகக் கிடந்தன.

"இதுங்களுக்கு என்ன ஆச்சு?"

"அடுப்பு சரியா எரியாம தீப்பொறி கக்குது. அந்தப் பொறி அதையே சுடுது. சுட்டுச் சுட்டு உடையுது. நாங்க விடற அளவு ஜாஸ்திதான், உடம்புக்குள்ள அப்படியே இவ்வளவு நடக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா அம்மாவுக்குள்ள போய் உக்காந்ததும் அந்தக் கிட்னி முதல் நாள்லேருந்து முழு வேலை பாக்கணும்ல?"

அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து அங்கே இருந்த சிவப்புத் தொட்டியில் போட்டார். அது தொற்றுக் கழிவு போடுகிற தொட்டி என்றேன். "சரியான இடத்துலதான் போட்டிருக்கேன்" என்றார்.

அப்படி விட்டார். பத்து வயதிலிருந்து பிடித்தவர். தீக்குச்சியை மென்றார், வைக்கோலை மென்றார். டயாலிசிஸுக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். அம்மா குழாயோடு திரும்பி வந்து ஏறியதும், "உன் பொருள் பத்திரமா இருக்கு, ஓப்பல். நான் சும்மா சுமந்துக்கிட்டுத் திரியறேன்" என்பார். அந்த வருஷம் அவர் பயிரே வைக்கவில்லை. நிலத்தைப் புல்லுக்கு விட்டார். செப்டம்பர் கடைசியில் அறுவை சிகிச்சை; அதற்குப் பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கோடை நடுவில் செய்த பரிசோதனை சுத்தமாக வந்தது. கடைசிப் பரிசோதனை மட்டும் பாக்கி.

அம்மா வழக்கம்போலத் தக்காளி போட்டிருந்தாள். சிறுநீரகம் போனவர்கள் தக்காளி சாப்பிடக் கூடாது. மாமாவும் புகையிலை வெட்டப் போவதில்லை. காய்கள் செடியிலேயே பழுத்து விழுந்தன.

ஹோபர்ட் லைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலம் அவருடையது. எங்கள் ஊரில் வெட்டிய புகையிலையைக் காயவைக்கக் கொட்டகை உத்தரங்களில் ஏற்றித் தொங்கவிடுவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் இல்லை. நீ எனக்கு வா, நான் உனக்கு வருகிறேன், அவ்வளவுதான். யாரும் எழுதி வைப்பதில்லை, கேட்பதும் இல்லை. ஆனால் வந்த கைக்குத் திரும்பிப் போகாதவன் பெயர் ஓடைக்கரை முழுக்க நாறும். மாமா சிகரெட்டை விட்டதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவருடைய பயிர் முழுக்க வயலில் நின்றது. உறைபனி வரப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். மாமா திரும்பி வந்து பார்த்தபோது வயல் மொட்டையாக இருந்தது, கொட்டகை நிறைந்திருந்தது. ஹோபர்ட்டும் அவர் மகன்களும் அழைக்காமலே வந்து ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த வருஷம் மகன்களில் ஒருவன் பட்டாளத்தில், இன்னொருவன் கார் தொழிற்சாலையில். ஹோபர்ட்டின் முழங்கால் வீங்கியிருந்தது. தண்டோடு வெட்டிக் கம்புகளில் கோத்த புகையிலை வயலில் நிற்க, தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை அடித்துச் சேறு தெறித்தால் ஒரு வருஷப் பாடும் அழுகிப்போகும். மாமா எங்கள் வீட்டு மேல்படியிலிருந்து பார்த்திருக்கிறார். எழுந்து போய்விட்டார். போகிற வழியில் அம்மாவின் தக்காளிச் செடிகளிலிருந்து காய்களைப் பறித்து இரண்டு பைகளிலும் அடைத்துக்கொண்டாராம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் லெக்சிங்டனில் இருந்தேன். அங்கே நிக்கோடின் ஒரு சின்னப் பழுப்புப் புட்டியில் வரும். அதிலிருந்து ஒரு சொட்டு எடுக்க நான் கையுறைக்கு மேல் கையுறை போடுவேன். தோலில் பட்டால் தோல் வழியாகவே உள்ளே போய்விடும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

மாமா இழுவை வண்டியில் நின்றபடி கம்புகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்திருக்கிறார். மேலே உத்தரத்தில் கால் பரப்பி நின்ற கூலிப் பையன்கள் வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. இலையிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் முழங்கை வழியாக அக்குளுக்கும், கழுத்து வழியாக முதுகுக்கும் இறங்கியிருக்கிறது. சட்டை ஊறி உடம்போடு ஒட்டிவிட்டது. மத்தியானம் தாண்டியதும் வாந்தி வந்தது. தலை சுற்றி, வண்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா, புதுப் பொண்ணு மாதிரி வாந்தி எடுக்கற?" என்றாராம் ஹோபர்ட்.

"உன் பொண்டாட்டி செஞ்ச உருளைக்கிழங்கு சாலட்டுடா. அத நீ தினமும் திங்கற, உனக்குப் பழகிடுச்சு."

ஈர இலையில் வேலை செய்தால் வாந்தி வரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அது புகைக்காதவர்களுக்கு வருகிற நோய். வெளியூரிலிருந்து கூலிக்கு வருகிற பையன்களுக்கு வருகிற நோய். சிகரெட் பிடிக்கிற உடம்புக்கு நிக்கோடின் பழகியிருக்கும். மாமாவுக்கு நாற்பது வருஷத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை. தான் இப்போது புகைக்காத ஆள் என்பது அவர் மனதுக்குத் தெரியும். வயலில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

பாதி வண்டி ஏற்றாமல் கிடந்தது. "போடா, போய்ப் படு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். அரை நாள் பாக்கின்னு வச்சுக்க" என்று ஹோபர்ட் சிரித்துக்கொண்டே அனுப்பினார். மாமா வரப்பிலேயே உட்கார்ந்து கொண்டுவந்த காய் அத்தனையையும் நசுக்கிக் கை கழுவினார். முழங்கை வரைக்கும் கழுவினார். முகர்ந்து பார்த்தார்.

கடைசிப் பரிசோதனை அதற்கு இரண்டு நாள் கழித்து.

மருத்துவமனையில் தானம் தருபவர்களைப் பார்த்துக்கொள்கிற செவிலியின் பெயர் பௌலா. நல்ல பெண்மணி. எங்கள் மூவரையும் ஒரு சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அம்மாவின் கழுத்துக் குழாயைச் சுற்றிக் கட்டு வெள்ளையாக இருந்தது.

"டாக்கெட் சார், தப்பா எடுத்துக்காதீங்க. விட்டுட்டுத் திரும்பப் பிடிக்கறது நிறைய பேருக்கு நடக்கறதுதான்."

"யாரு பிடிச்சா?"

"நிக்கோடின் உடம்புக்குள்ள போனா கோட்டினின்னு ஒண்ணா மாறும். உங்களுக்கு அது இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல."

"மெஷின் தப்பு."

"ரெண்டு தரம் பாத்தாச்சு சார்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே. என்னப் பாத்துச் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

"உன் மேல சத்தியம் ஓப்பல். ஒரு இழுப்புகூட இல்ல."

அவள் கைமேல் தன் கையை வைத்தார். அப்போதுதான் அவர் நகத்தடியைப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு.

"மாமா, இலையைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். ஹோபர்ட்டுக்கு அரை நாள். ஆனா கையைக் கழுவிட்டேன்டி. நல்லாக் கழுவிட்டேன். இந்தா, மோந்து பாரு." இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் முகரவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பிசின்தான் போகும், நிக்கோடின் முன்னாலேயே உள்ளே போய்விட்டது, ஈரச் சட்டை வழியாக, முதுகு வழியாக, அக்குள் வழியாக என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பௌலாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். புகையிலை தெரிந்த எங்கள் பகுதிப் பெண் இல்லை அவள்.

"தோல் வழியாவா? இவ்வளவா?" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக முகம் தெளிந்தாள். "இன்னொரு டெஸ்ட் இருக்கு. சிகரெட்ட விடறதுக்காக நிக்கோடின் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டவங்களையும் சிகரெட் குடிச்சவங்களையும் அது பிரிச்சுக் காட்டிடும். சார் சொல்றது உண்மைன்னா..."

"அப்பாடா!" மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எடுங்கம்மா. இப்பவே எடுங்க. எவ்வளவு ரத்தம் வேணும்?"

"அது வேண்டாம்" என்றேன் நான்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நான் எதையோ மூடி மறைக்கிறேன் என்று பௌலா நினைத்தது அவள் கண்ணில் தெரிந்தது. அந்தப் பரிசோதனை தேடுவது புகையிலை இலையில் மட்டுமே இருக்கும் இன்னொரு பொருளை. ஸ்டிக்கரில் அது இருக்காது, இலையில் இருக்கும். வாய் வழியாகப் போனதா, முதுகு வழியாகப் போனதா என்று அது சொல்லாது. இதை விளக்கினேன். விளக்க விளக்க அது ஒரு சாக்கு மாதிரியே ஒலித்தது.

"பரவால்லடி, எடுக்கட்டும்" என்றார் மாமா. "உண்மைக்கு என்ன பயம்?"

எடுத்தார்கள். நான் சொன்னபடியே வந்தது. சிகிச்சைக் குழு கூடியது. பௌலா தொலைபேசியில் அழைத்தாள். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் குழுவின் முன்னால் ரிப்போர்ட்தான் பேசும், அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், ஆறு வாரம் கழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றாள். ஆறு வாரம் என்பது அவர்களுக்கு ஒரு சாதாரண இடைவெளி. நான் எங்கள் பேராசிரியரை அவர்களிடம் தொலைபேசியில் பேசவைத்தேன். மருத்துவர் அறை வாசலில் நின்றேன். ஈர இலை பற்றி வந்த ஆய்வுகளை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

மாமா அந்த நாட்களில் சாப்பிடவே இல்லை என்று சொல்லலாம். கையைச் சட்டைக்கு மேல் விலாவில் வைத்து அழுத்திக்கொண்டே நடப்பார். உள்ளே இருப்பதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பது மாதிரி. ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "அந்த அடுப்புங்க உடைஞ்சிருக்குமாடி? அந்த அரை நாள்ல?"

"இல்ல மாமா. அவ்வளவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க கிட்னி நல்லாத்தான் இருக்கு."

அவரைத் தேற்றத்தான் சொன்னேன். அது அவரை இன்னும் உடைத்தது. "நல்லா இருக்கா? அப்போ எடுத்துக்கச் சொல்லேன்டி" என்று அழுதார்.

அக்டோபரில் அம்மாவின் கழுத்துக் குழாயில் சீழ் பிடித்தது. குளிரில் உடம்பு தூக்கிப்போட்டது. மாமா கீழ்த்தளத்தில் மறு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை மடித்த கையோடு மேலே ஓடிவந்தார். அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்தது. "கழுவிட்டியா?" என்று கேட்டாள். கேலியா, அன்பா, ஜுரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே முதல் உறைபனி விழுந்த காலையில் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து நாங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. பௌலா. அம்மா போனதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சந்தோஷமான குரலில் பேசியது எனக்கும் கேட்டது. மாமா "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"போயிடுச்சாம்" என்றார். "சுத்தமாயிடுச்சாம்."

அன்றே என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். "ஹோபர்ட்டுக்கு இது தெரியவே கூடாது. ஆபரேஷன் எதனால நின்னுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா அவன் பிழைக்க மாட்டான்." ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்: தங்கைக்குச் சிறுநீரகம் தருகிறேன் என்ற வெர்லின் ரகசியமாகப் புகைத்து மாட்டிக்கொண்டான். டாக்கெட் வாய் கட்டாத ஜாதி என்று கடையில் பேசினார்கள். மாமா மறுக்கவில்லை. மறுத்தால், பின் எப்படி என்று கேட்பார்களே. அவர் அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போன செப்டம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தேன். மாமா மேல்படியில் உட்கார்ந்திருந்தார். தெற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஹோபர்ட் தன் பிக்கப் வண்டியை எங்கள் வேலியருகே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"டேய் வெர்லின், வானத்தப் பாத்தியா? எனக்கு அரை நாள் பாக்கி வச்சிருக்கடா நீ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காலடியைப் பார்த்தபடியே இருந்தார் மாமா.

"முடியாது ஹோபர்ட்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

ஹோபர்ட்டின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முழங்கால் வீங்கிய மனிதர். மகன்கள் இல்லாத வயல். அன்று உறைபனிக்கு முன்னால் அழைக்காமல் வந்த கைகள். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவின் அறுவை சிகிச்சை நின்றது அந்த அரை நாளால்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

"சரி" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மழை பெரிதாக விழத் தொடங்கியது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒற்றை ஆள் கம்புகளைத் தூக்கி வண்டியில் போடுவது தெரிந்தது. மாமா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, இருட்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அரை நாள் இன்னும் பாக்கி.